பேட்டரிக்குள் இருந்த மாவு

அந்தப் பேட்டரிக்குள் கோதுமை மாவு இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்த எங்களுக்கே நம்ப நேரம் பிடித்த விஷயம் இது. கதையின் நடுவில் சொன்னால், சுவைக்காகச் சேர்த்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

நிஸோ எங்கள் ஊர் மீராப். கால்வாய்த் தண்ணீரை யாருக்கு எத்தனை மணி நேரம் என்று பங்கிட்டு விடுகிற வேலை அது. இஸ்ஃபரா நகரத்துக்குத் தெற்கே, மலைச்சரிவில் எண்பது வீடு. எண்பது வீட்டுக்கும் ஆப்ரிகாட் தோட்டம், எண்பது தோட்டத்துக்கும் ஒரே கால்வாய். ஆண்கள் ஒவ்வொருவராக ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய், கடைசியில் மீராப்பும் போய்விட்ட பிறகு, ஊர்க்கூட்டத்தில் நிஸோ எழுந்து, "நான் பாக்கறேன்" என்றாள். நாற்பத்திரண்டு வயது, இரண்டு பெண்களின் தாய். கணவன் பெயர் அஸ்லித்தின்; நான்கு வருடமாக யெகாதெரின்புர்கில் சிமெண்ட் குழைக்கிறான். யாரும் கைதட்டவில்லை. வேறு ஆளில்லாததால் அளவுகோலை அவள் கையில் கொடுத்தார்கள். தண்ணீரின் ஆழம் பார்க்க வரிவரியாக வெட்டுப்போட்ட கோல் அது. அது யாரிடம் இருக்கிறதோ அவர்தான் மீராப்.

முதல் வருடமே ஒன்று தெரிந்தது. அவள் யார் சொல்லும் கணக்கையும் நம்புவதில்லை. மேலூர்க்காரர்கள், "எட்டு வெட்டு தண்ணி விட்டாச்சு" என்று போனில் சொன்னால், காலணியைக் கழற்றிவிட்டுக் கால்வாயில் இறங்கிக் கோலை நட்டுப் பார்ப்பாள். "அஞ்சுதான் வருது. மீதி மூணை யாரு குடிச்சா?" என்று கேட்பாள். இந்தக் குணத்தை ஊரில் பாதிப் பேர் மெச்சினார்கள், பாதிப் பேர் சபித்தார்கள். என் தோட்டம் கால்வாயின் கடைசியில் இருப்பதால் நான் இரண்டையும் செய்திருக்கிறேன்.

இந்தக் கதைக்குத் தேவையான இடம் ஒன்றுதான்: சுரங்கம். மேலே இருக்கிற சில வீடுகளைத் தாண்டி, கால்வாய் ஊருக்கு வருமுன் ஒரு குன்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது. எங்கள் பாட்டன்மார் கடப்பாரையால் வெட்டியது. அறுநூற்று நாற்பது அடி எடுத்து வைத்தால் மறுபக்கம். வசந்தத்தில் நவ்ரோஸ் பண்டிகை முடிந்ததும் மேலே மதகைத் திறப்பார்கள். அதற்கு முன் மீராப் சுரங்கத்துக்குள் தனியாக நடந்து, தரையில் மண் சரிந்திருக்கிறதா, கூரை விட்டிருக்கிறதா என்று பார்த்து வந்து, "வழி சரி" என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் தண்ணீர். குறித்த நாள் நண்பகலுக்குள் சொல்லாவிட்டால் முறை மேலூருக்குப் போய்விடும். திரும்பி வர எட்டு நாள்.

முந்தைய மீராப் மண்ணெண்ணெய் லாந்தரோடு போவார். கடைசி வருடம் புகையில் மயங்கி, வாந்தியெடுத்தபடி தவழ்ந்து வெளியே வந்தார். அதற்குப் பிறகு தீ கொண்டுபோகக் கூடாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. நிஸோ சென்ற வருடம் கைபேசி வெளிச்சத்தில் போனாள். பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அது தேங்கிய தண்ணீரில் விழுந்தது. அதனால் இந்த வருடம் நல்ல டார்ச் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தாள். வாழ்க்கையில் முதல் டார்ச்.

சந்தைக்கு நானும் போயிருந்தேன். விளக்குக் கடை சப்ஸாலி இரண்டை எடுத்து முன்னால் வைத்தான். ஒன்று முழங்கை நீளம், கறுப்பு, கழுத்தை இழுத்தால் நீளும். பெட்டியில் வெளிச்சம் ஒரு லட்சம் லூமென் என்றும், பேட்டரியில் கொள்ளளவு பத்தாயிரம் என்றும் போட்டிருந்தது. இன்னொன்று கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், குட்டை. பெட்டியில் எண்ணூறு.

"அது யாருக்கு?" என்று குட்டையைக் காட்டிக் கேட்டாள்.

"மலையேற வர்ற வெளியூர்க்காரங்க கேப்பாங்கக்கா. நம்மாளுங்க தொடறதில்ல. நடு வெளிச்சத்துல வெச்சா ஒன்றரை மணி நேரம் நிக்கும்."

"பெருசு?"

"அதுவா? எதிர் மலைக்கு அடிக்கும்!"

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு விளக்குக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. கண் விழித்தால் எதிர் மலை, கண் மூடுமுன் எதிர் மலை. விளக்கை வேறு எதன்மேல் அடித்துப் பார்ப்பது? விலையும் அதிக வித்தியாசமில்லை: குட்டை நூற்றிப்பத்து சோமோனி, பெரியது நூற்று முப்பது. "எண்ணூறு எங்க, லட்சம் எங்க" என்று நிஸோ பெரியதை எடுத்துக்கொண்டாள். நானும் தலையசைத்தேன். பின்னால் யாரைக் குறை சொன்னாலும் இந்தத் தலையசைப்பைக் கழித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் ஊரே பாலத்தருகே கூடிவிட்டது. நிஸோ கழுத்தை இழுத்து, பொத்தானை அழுத்தினாள். வெள்ளைக் கோடு ஒன்று பள்ளத்தாக்கைத் தாண்டிப்போய் எதிர்ச் சரிவில் ஹொல்மத்தின் ஆட்டுப்பட்டியில் விழுந்தது. பட்டிச் சுவரின் கற்களை எண்ணலாம் போலிருந்தது. நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம். நாய் குரைத்தது. உடனே நிஸோவின் கைபேசி அடித்தது. ஹொல்மத்.

"யாருடி அது, சூரியனைக் கட்டி இழுத்துட்டு வந்தவ? என் நாய் நமாஸ் நேரம்னு நெனச்சு எழுந்து நிக்குது!"

"நாயாவது எழுந்துச்சே. நீ எப்ப எழுந்திருப்ப?" என்றாள் நிஸோ. பாலமே சிரித்தது.

ஹொல்மத், போன மீராப்பின் தம்பி. அளவுகோல் தன் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அதை அவன் மறைத்ததுமில்லை.

குறித்த நாள் காலை, சுரங்க வாயிலில் நாற்பது பேர் இருந்தோம். ஊர்த் தலைவர் துர்சுன் புது ரொட்டி ஒன்றை நீட்டினார். பயணம் போகிறவர் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சம் அவருக்காகக் காத்திருக்கும், திரும்பி வந்து அவரேதான் தின்ன வேண்டும். கணவன் அஸ்லித்தின் கடித்துவிட்டுப் போன ரொட்டி நிஸோ வீட்டுச் சுவரில் நான்கு வருடமாகத் தொங்குகிறது. அவள் கடித்தாள், மென்றாள், குனிந்து உள்ளே போனாள். கைபேசியை மூத்த மகளிடம் விட்டுவிட்டாள். இந்த முறைதான் டார்ச் இருக்கிறதே.

போய் வர முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் ஆயிற்று. சிரிப்புப் பேச்சு நின்றது. மறுபக்கம் காத்திருந்தவர்கள் போனில், "இன்னும் வரல" என்றார்கள். மூத்த மகள் வாயிலில் மண்டியிட்டு, "அம்மா!" என்று கத்தினாள். அவள் குரலேதான் திரும்பி வந்தது. இருவர் உள்ளே போகக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை சுவரைத் தடவியபடி வந்தது. பிறகு நிஸோ. முழங்கால்வரை சேறு. டார்ச் இடுப்பில் செருகியிருந்தது, அணைந்து.

உள்ளே நடந்ததை அவள் பின்னால்தான் சொன்னாள். எதிர் மலையை எட்டிய அந்த வெளிச்சம் சுரங்கத்துக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாக விழுந்தது. தட்டுக்கு வெளியே ஒன்றுமில்லை. காலைப் பார்த்தால் கூரை இல்லை, கூரையைப் பார்த்தால் கால் இல்லை. கழுத்தைச் சுருக்கினால் வட்டம் விரிந்தது, ஆனால் சாயம்போன துணி போல வெளிறிவிட்டது. நூறாவது அடியில் மஞ்சளாயிற்று, இருநூறில் சிவப்பாயிற்று, இருநூற்றுப் பன்னிரண்டில் செத்தது. டார்ச்சின் உடம்பு சுட்டது. சூடு ஆறினால் எரியும் என்று நினைத்து, அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒருமுறை கண்ணைத் திறந்து மூடுவது போல எரிந்து அணைந்தது. அதன் பிறகு இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு, சுவரைத் தொட்டபடி வந்தாள்.

ஆனால் அப்போது வாயிலில் இதையெல்லாம் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. பதினொன்றே முக்கால். துர்சுன் கையில் போன், அந்தப் பக்கம் மதகுக்காரர்.

"சொல்லும்மா, வழி சரிதானே? அவர் லைன்ல இருக்கார்."

நிஸோ குனிந்து முழங்கால் சேற்றை வழித்தாள்.

"போன வருஷம் சரியாத்தானே இருந்துச்சு? ஒரு வருஷத்துல மலை என்ன ஓடியா போயிடும்?" என்றார் ஒருவர்.

"மரமெல்லாம் மொட்டு விட்டாச்சு நிஸோ," என்றேன் நான். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சரின்னு ஒரு வார்த்தை. யாரு உள்ள போய்ப் பாக்கப் போறா?" துர்சுன் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அவள் நிமிர்ந்தாள். "நான் பாக்கல."

"என்னது?"

"இருநூத்திப் பன்னண்டு அடி போனேன். அதையும் சரியாப் பாக்கல. அதுக்கு அப்பால தெரியாது. தெரியாததைச் சரின்னு எப்படிச் சொல்றது?"

அவள் பொய் சொல்வாள் என்று நாங்கள் எல்லாரும் எவ்வளவு உறுதியாக நம்பியிருந்தோம் என்பது அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. துர்சுன் போனை அணைத்தார். முறை மேலூருக்குப் போயிற்று.

ஹொல்மத்தான் முதலில் பேசினான். "எதிர் மலையில என் ஆட்டைப் பாக்கத் தெரியுது, மூக்குக்கு முன்னால சுவரைப் பாக்கத் தெரியலையா அக்கா?"

யாரும் சிரிக்கவில்லை, அவனை அடக்கவும் இல்லை. துர்சுன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எட்டு நாள் இருக்கு. அதுக்குள்ள முழுசாப் பாத்துச் சொல்லிடு. இல்லேன்னா கோலை ஹொல்மத்கிட்ட குடுத்துடு. என்னால வேற ஒண்ணும் பண்ண முடியாது."

பிறகு ரொட்டிப் பிரச்சினை எழுந்தது. திரும்பி வந்துவிட்டாள், தின்னட்டும் என்றார்கள் சிலர். மறுபக்கம் போகவே இல்லையே, இது திரும்பி வந்ததில் சேராது என்றார்கள் சிலர். நிஸோ அதை வாங்கித் தலைத்துணியின் நுனியில் முடிந்து, சுரங்க வாயிலுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். "இன்னும் போகலை" என்றாள்.

டார்ச்சை நேராக இல்ஹோமிடம் கொண்டுபோனாள். பாலத்தடியில் கைபேசி பழுது பார்ப்பவன். எதைக் கொடுத்தாலும் முதலில் கொட்டாவி விடுவான். அன்று பேட்டரியைக் கையில் வாங்கியதும் கொட்டாவி பாதியில் நின்றது.

"அக்கா, இது ஏன் இவ்ளோ லேசா இருக்கு?"

அதில் மிச்சம் மின்சாரம் இல்லையென்று அளந்து பார்த்துவிட்டு, முற்றத்து மணலில் வைத்து, மேலுறையை உரித்தான். தகரத்தை மெல்ல வெட்டினான். உள்ளே விரல் கணுவளவு இன்னொரு குட்டிப் பேட்டரி. அதைச் சுற்றி மிச்ச இடம் முழுக்க வெள்ளைப் பொடி. சாய்த்ததும் கொட்டியது.

"விஷமா?" என்று நாங்கள் பின்வாங்கினோம்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஹொல்மத் விரலால் தொட்டு, யாரும் தடுக்குமுன் நாக்கில் வைத்தான். அவன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. "மாவு," என்றான். "கோதுமை மாவு."

ஏமாற்றைப் பார்த்திருக்கிறோம். பாலில் தண்ணீர், காய்ந்த பழத்தில் ஈரம், சிமெண்டில் சாம்பல். ஆனால் மாவைக் கொண்டு ஏமாற்றுவதா? எங்கள் ஊரில் ரொட்டியைக் குப்புற வைக்க மாட்டார்கள். வழியில் ஒரு துண்டு கிடந்தால் எடுத்து நெற்றியில் ஒற்றிச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். எங்கோ ஒருவன் மேசையில் உட்கார்ந்து, மாவை அள்ளித் தகரத்தில் அடைத்து, பத்தாயிரம் என்று எழுதியிருக்கிறான். ஆறேழு பேர் மணலில் குந்தி, அந்த மாவைக் காகிதத்தில் கூட்டி அள்ளினோம். கால் பட்டுவிடக் கூடாதே. அள்ளிய பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"குருவிக்குப் போடலாமா?" என்றான் இல்ஹோம்.

"பேட்டரிக்குள்ள கிடந்ததைக் குருவிக்குப் போடுவியா? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் நிஸோ. காகிதத்தோடு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "மேலூர்க்காரன் எட்டுன்னா கோலை நட்டுப் பாக்கறவ நான். இவன் பத்தாயிரம்னு எழுதினதை அப்படியே எடுத்துக்கிட்டேன். அச்சுல இருந்ததால."

எண் என்பது பொருளின் குணமா, எழுதியவனின் ஆசையா என்று நான் பல வருடம் புத்தகங்களில் தேடியிருக்கிறேன். அவள் ஒரு மாலைக்குள் அந்தக் கேள்வியை முடித்துவிட்டாள்.

அடுத்த சந்தை வியாழக்கிழமை. நிஸோ சப்ஸாலியின் பலகைமேல் காகிதத்தைப் பிரித்து வைத்தாள்.

"என்னக்கா இது?"

"உன் ஒரு லட்சம்."

வெட்டிய தகரத்தையும் பார்த்தபோது அவன் நடிக்கிறானோ என்று கூர்ந்து கவனித்தேன். நடிப்பில்லை. "நானா வெச்சேன்? ரொட்டி மேல சத்தியம். பெட்டியா வருது, பெட்டியா விக்கறேன். என் வீட்லயும் இதான் எரியுது!"

"எரியுதா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "பத்து நிமிஷம் எரியுது," என்றான், அப்போதுதான் முதல் முறையாகத் தன் காதால் கேட்டவன் போல.

பக்கத்தில் காய்ந்த ஆப்ரிகாட் விற்பவளிடம் சின்னத் தராசு இருந்தது. நிஸோ அதை இரவல் வாங்கினாள். "பழத்துல ஏமாத்தறவன் எடையைக் கூட்டுவான். இதுல குறைச்சிருப்பான்," என்று, கடையிலிருந்த எல்லா பேட்டரிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தாள். பத்தாயிரம் போட்டவை எல்லாம் இருபத்தைந்து கிராமைத் தாண்டவில்லை. குட்டை டார்ச்சுக்குள் இருந்த, மூவாயிரம் என்று அடக்கமாகப் போட்ட ஒன்று மட்டும் நாற்பத்தாறு. தராசு சொல்லச் சொல்ல சப்ஸாலி முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் மீதிப் பேட்டரிகளைப் பையில் கட்டி வீசப்போனபோது ஆப்ரிகாட்காரி, "டேய், உள்ள மாவுடா!" என்று அலறினாள். பையைத் திரும்பத் தூக்கித் தலைக்குமேல் பரணில் வைத்தான். பாவம், அது இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று கேள்வி.

இந்த முறை நிஸோ எதிர் மலையைத் தேடவில்லை. சந்தைக்குக் கீழே உருளைக்கிழங்கு அடுக்கும் நிலவறை இருக்கிறது. படியிறங்கி உள்ளே போய், குட்டை டார்ச்சை எரியவிட்டு, அசையாமல் நின்றாள். கால், சுவர், கூரை மூன்றும் ஒரே பார்வையில் தெரிந்தன. "தூரத்துல இருக்கறதைப் பாக்க எனக்கு வேலையில்ல," என்றாள். பெரியதைத் திருப்பிக் கொடுத்துக் குட்டையையும், அதே எடையில் உபரிப் பேட்டரி ஒன்றும் வாங்கினாள். வீட்டில் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, வீட்டு நிலவறையில் எரியவிட்டு, அது அணையும்வரை பக்கத்தில் உட்கார்ந்து காலுறை பின்னினாள். ஒரு மணி ஐம்பது நிமிடம். சப்ஸாலி சொன்னதைவிட இருபது நிமிடம் கூட. ஒரு பொருள் சொன்னதைவிட அதிகமாகத் தந்ததை நான் அந்த ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் நாள் காலை மறுபடி வாயில். இந்த முறை கூட்டம் குறைவு, பேச்சும் குறைவு. ஹொல்மத் மட்டும், "கோலை இங்கேயே வெச்சுட்டுப் போ அக்கா, திரும்ப எடுத்துட்டு வர்ற சிரமம் வேணாம்," என்றான். அவள் கோலையும் எடுத்துக்கொண்டே உள்ளே போனாள். கைபேசியையும்தான்.

ஐம்பது நிமிடத்தில் மறுபக்கத்திலிருந்து போன் வந்தது. வந்துவிட்டாள், ஆனால் பேச மாட்டேன் என்கிறாள். குன்றைச் சுற்றி ஓடினோம். நிஸோ புல்லில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மகள் கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

"வழி சரியில்ல," என்றாள். "கூரையில ஒரு பாறை விட்டிருக்கு. கதவளவு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டிட்டிருக்கு. தண்ணி ஓடினா விழுந்துடும். வழியை அடைச்சா தண்ணி திரும்பி, சுரங்கத்துக்கு மேல இருக்கற வீடுங்களுக்குள்ள போயிடும்."

"எந்த இடத்துல?" என்றார் துர்சுன்.

அவள் சுரங்கத்தின் பக்கம் கையை மட்டும் காட்டினாள். ஹொல்மத் அவள் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கினான். "நான் பாத்துட்டு வர்றேன்." அவன் போவதை நம்பிக்கையில்லாத போக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அரை மணி நேரம் கழித்து வந்தான். நேராக வந்து நிஸோவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவனுக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

"இருக்கு," என்றான். பிறகு எங்களைப் பார்த்து: "அதுக்கு நேர் கீழ, சேத்துல ஆள் உக்காந்த தடம் இருக்கு. பக்கத்துல டார்ச்சை வெச்ச தடம்."

இருநூற்றுப் பன்னிரண்டாவது அடி. இருட்டில் விளக்கின் சூடு ஆறட்டும் என்று அவள் சாய்ந்து உட்கார்ந்த இடம்.

மகள் தாயின் தோளைப் பிடித்தபடி சத்தமில்லாமல் அழுதாள். துர்சுன், ஒரு வாரத்துக்கு முன் "சரின்னு ஒரு வார்த்தை" என்று கேட்ட மனிதர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் வீடு கீழே கடைசியில். மேல் வீடுகளில் ஒன்று ஹொல்மத்தினுடையது.

"கோல்?" என்று கடைசியில் துர்சுன்தான் கேட்டார், யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல்.

"அவகிட்டதானே இருக்கு," என்றான் ஹொல்மத் எரிச்சலோடு. "அதை என்ன கேள்வி? முட்டுக்குப் பாப்லர் கட்டை எத்தனை வேணும்னு கேளுங்க."

இரண்டு நாள் ஊரே சேர்ந்து முட்டுக் கொடுத்தது. கட்டைகளை ஹொல்மத்தான் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனான். நிஸோ டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் இடது பக்கம். உன் இடது, என் இடது இல்ல" என்று கத்திக்கொண்டிருந்தாள். பாறையை இறக்கியபோது எழுந்த சத்தத்தில் வாயிலில் நின்ற எங்கள் காலடி அதிர்ந்தது.

மூன்றாம் நாள் அவள், "வழி சரி" என்றாள். மதகு திறந்தது. பாறைச் சேதி கேட்ட மேலூர் முறையைப் பிடுங்காமல் விட்டாலும், போன நாட்கள் போனவைதான்: அந்தச் சுற்றில் எங்கள் பங்கு தேய்ந்து, கடைசித் தோட்டத்துக்கு வரும்போது தண்ணீர் இரண்டு வெட்டுகூட இல்லை. என் மரங்களில் மூன்று பூவை உதிர்த்துவிட்டன. அதற்காக அவளை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. இதை அவளிடம் சொன்னபோது, "உதிர்ந்தது மூணுதானே? நான் நாலுன்னு கணக்கு வெச்சிருந்தேன்" என்றாள்.

தண்ணீர் சுரங்க வாயிலைத் தாண்டி வந்த அன்று, அவள் ஆணியிலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். பதினோரு நாள் ரொட்டி கல்லாகியிருந்தது. கடித்த இடம் அப்படியே இருந்தது. கால்வாயில் பத்தடி மேலே போய் அதைத் தண்ணீரில் விட்டாள். அது சுழன்று சுழன்று வந்தது. கீழே ஓடிவந்து குந்தி, இரண்டு கையாலும் பிடித்தாள். நனைந்து மெத்தென்று ஆகியிருந்தது. இடுப்பிலிருந்து அந்த மாவுக் காகிதத்தையும் எடுத்து, மாவை ஓடுகிற தண்ணீரில் தூவினாள். பிறகு கரையில் உட்கார்ந்து, யாருக்கும் ஒரு துண்டும் கொடுக்காமல், ரொட்டியை முழுசாகத் தின்று முடித்தாள்.